மான் தலையும் மனித உடம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய நூல்களின் மரச்செதுக்குப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் அச்சான, மானாக மாறும் வேடன் அக்டேயானின் படத்தை ஜெர்மானிய ஓவியர் விர்ஜில் சோலிஸின் சொந்தக் கற்பனை என்று குறித்திருந்தீர்கள். 1563இல் பிராங்க்ஃபர்ட்டில் வெளியான சோலிஸின் படங்கள், ரோமானியக் கவிஞர் ஓவிடின் உருமாற்றக் கதைகளைச் சொல்லி 1557இல் பிரான்சின் லியோன் நகரில் வெளிவந்த நூலுக்காக பிரெஞ்சு ஓவியர் பெர்னார் சலோமோன் வரைந்த 178 படங்களைத் தழுவியவை. அச்சான படத்தைப் பார்த்து அப்படியே கட்டையில் செதுக்கினால் தாளில் இடம் வலமாக விழும். சோலிஸின் படங்களில் பெரும்பாலானவை திருப்பிப் போட்டாற்போல் இருப்பது அதனால்தான்.

இதைவிட என்னை வருத்தியது, பாதி மனிதனும் பாதி விலங்குமான அவ்வுருவங்களைக் கைத்திறன் போதாமையால் நேர்ந்த விகாரம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது. நீராடும் டயானா தேவியைக் கண்டுவிட்ட அக்டேயான் மானாகும் கதையில், ஓவிட் கொம்பு, கழுத்து, காது, கை, கால், தோல் என்று ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போய், மனம் மட்டும் பழையபடியே இருந்தது என்கிறார். சொல்லுக்கு அந்த வசதி உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கட்டையில் வரைகிறவருக்கோ ஒரு கணம்தான் கிடைக்கிறது. முழு மானை வரைந்தால் அது வெறும் வேட்டைப் படமாகிவிடும் என்பதால், தலையை மட்டும் மானாக்கி உடம்பை மனிதனாகவே விட்டார்கள். உள்ளே மாறாமல் நிற்கும் மனத்தை அந்த உடம்புதான் நமக்குச் சொல்கிறது. மரமாக மாறுகையில் விரல்களில் கிளை விடும் டாஃப்னி என்ற பெண்ணின் படமும் அப்படியே.

நம் கோயில்களில் காளை முகமும் மனித உடலுமாகக் கைகூப்பி நிற்கும் அதிகார நந்தியை யாரும் விகாரம் என்பதில்லை. இங்கே மாரியூரில் சித்திரைத் திருவிழாவின்போது வலைவீசும் படலம் நடக்கும். சாபத்தால் சுறாவான நந்தியை ஈசன் செம்படவராக வந்து பிடிக்கும் அந்தக் கதையை, ஓவிய ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை வகுப்பில் வரையச் சொன்னேன். கடற்கரைப் பிள்ளைகள் ஆதலால் செவுள் பிளவும் முதுகுத் துடுப்பும் பிசகாமல் சுறா வரைந்தார்கள். ஆனால் அது எந்தச் சுறாவும்தான். ஒரு சிறுமி மட்டும் சுறாவின் மார்பில் கூப்பிய இரு கைகளை வரைந்திருந்தாள். அந்தத் தாளைப் பார்த்ததும் வகுப்பே ‘நந்தி’ என்றது. அவளுக்கு சலோமோனைத் தெரியாது.

அக்டேயான் படத்தைத் தபால்தலை அளவில் அச்சிட்டதால் அவனுடைய மனிதக் கைகளே வாசகர் கண்ணுக்குத் தெரியவில்லை. படக்குறிப்பைத் திருத்தி, சலோமோனின் படத்தையும் சோலிஸின் படத்தையும் அரைப் பக்க அளவில் அடுத்தடுத்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.