மகன் வளர்ந்துவிட்டால் தாய் எங்கே போவாள்?

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையருக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையிலும் காப்பகங்கள் வந்தன: பெரும்பாலும் ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு என்று தனித்தனியாக. சிக்கலே இந்தப் பிரிப்பில்தான். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் இருக்கும் ஒரு தாய்க்கு ஏழு வயதில் மகள், பதின்மூன்று வயதில் மகன் என்று வையுங்கள். மகளோடு அவளைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் மகனை வேறிடத்துக்கு அனுப்பச் சொல்லும். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தார்ப்பாய்க்கே திரும்பிவிடுவாள்.

முதலில் இராயபுரம் மண்டலத்திலாவது, குடும்பம் பிரியாமல் ஓராண்டு தங்கும் இடைக்கால வீடுகளைத் தொடங்குங்கள். இடம் இல்லை என்ற பதில் வேண்டாம். காப்பகங்களுக்கான தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி என்றது. நால்வருக்கு 200 சதுர அடி. சுவர் வைத்தால் அதுவே ஓர் அறை. உள்தாழ்ப்பாளை நாலரை அடி உயரத்தில் வையுங்கள். தாழ இருந்தால் குழந்தை போட்டுக்கொண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். மாற்றுச் சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். பூ வாங்க விடியுமுன் கோயம்பேடு போகிறவர்கள் உண்டு, இரவு வாசலைப் பூட்டினால் பிழைப்பு போய்விடும்.

அடுப்பு அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். பொதுச் சமையல் சிக்கனம்தான், ஆனால் புது ரேஷன் அட்டைக்குத் தனிச் சமையல் வேண்டும் என்பது விதி. பெரிய அண்டாவில் எல்லோருக்கும் சோறு வடித்தால், விசாரணைக்கு வருகிறவர் எதைப் பார்த்து எழுதுவார்? முகவரிக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் மையம் ஏற்கும். சேர்ந்த வாரமே அதைக் கொடுத்துவிட்டால் வங்கிக் கணக்கு, ரேஷன் எல்லாம் பின்னாலேயே வரும். பள்ளிக்கு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கை மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. கல்வியாண்டின் நடுவில் எந்தக் குடும்பத்தையும் வெளியேற்றாதீர்கள்.

ஓராண்டு முடிந்து வாடகை வீட்டுக்குப் போகும்போது குறுக்கே நிற்பது அட்வான்ஸ். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக்கொள்ளவும் விடுகிறது. வாடகை 6,000 என்றால் மூன்று மாதத்துக்கு 18,000, வழக்கம்போல் பத்து மாதம் கேட்டால் 60,000. வீட்டுவேலை செய்கிறவரிடம் அது ஏது? அந்தத் தொகையை மாநகராட்சியே வீட்டு உரிமையாளர் கணக்கில் நேரடியாகக் கட்டி, காலி செய்யும்போது திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்துக்குச் சுழலவிடலாம். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு ஒரு தலைப்பு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வீடற்ற குடும்பங்களோடு பணிபுரிவோர்