என் பட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைத் தமிழ் இலக்கியப் படிப்பை நான் முடித்துவிட்ட செய்தியைக் கோவில்பட்டியில் என்னை அறிந்தவர்கள் பலரும் என் பிள்ளைகள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். 2021ஆம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் முடித்திருக்க வேண்டிய படிப்பு, 2025இல்தான் முடிந்தது. இடையில் என் கணவர் காலமானார். அந்த நாள்களில் என்னைத் தாங்கியவர்களுக்கு நேரில் நன்றி சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பியவரே என் கணவர்தான். ப்ளஸ் டூ முடித்த கையோடு மணமாகி வந்து, இருபது ஆண்டுகளாகத் தையல் மிஷினோடு காலம் கழித்த எனக்கு, குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றிச் சேர்த்த பணத்திலிருந்து முதலாண்டுக் கட்டணத்தை அவர் கட்டினார். 2022 கார்த்திகையில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். மருத்துவமனை வாசலை எட்டுமுன் உயிர் போய்விட்டது.

அடுத்த பருவத் தேர்வு வந்தபோது நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் வெளியூர் போய்ப் பரீட்சை எழுதுவதா என்று உறவில் பேச்சு எழுந்தது. பெற்ற மகனைப் பறிகொடுத்து மூலையில் சுருண்டு கிடந்த என் மாமியார் எழுந்து வந்து, "அவன் கெட்டுன பணம் தாயி, வீணாக்காத, போயிட்டு வா" என்று என் கையில் பேருந்துக்குக் காசைத் திணித்தார். அத்தை, உங்கள் துயரம் என்னுடையதைவிடப் பெரியது என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

தூத்துக்குடித் தேர்வு மையத்துக்கு அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன் உடன் வந்தான். மூன்று மணி நேரமும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அந்த முறை ஒரு தாளில் நான் தோற்றேன். காரணம் ஒரு புறநானூற்றுப் பாடல். கணவனை இழந்த ஒருத்தி, இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை வனையும் குயவனிடம் கேட்கிறாள்: வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வரும் சிறிய வெள்ளைப் பல்லி போல இவரோடு எத்தனையோ வழி கடந்து வந்தவள் நான்; எனக்கும் இடம் இருக்கும்படி அவருக்கான தாழியை அகலமாகச் செய்துவிடு. மணமான புதிதில் அவர் சரக்கு ஏற்றிப்போன ஊர்களுக்கெல்லாம் வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து போனவள் நான். வினாத்தாளில் அந்தப் பாடலைக் கண்டதும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, என் மகளும் மகனும் "அழாதே" என்று சொல்லவில்லை. இந்த மடலில் எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்றிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும், நல்லெண்ணத்தோடுதான், அழாதே, மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், என் பிள்ளைகள் இருவர் மட்டும் நான் அழுது முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருந்து, பிறகு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கணிதம் படித்த என் மகள் அந்தப் பாடலைத் தானே படித்துப் பொருள் உணர்ந்து, ஒரு நோட்டில் தன் கையெழுத்தில் விளக்கம் எழுதினாள். "பாடியவர் பெயர் தெரிந்திலது" என்ற அடிக்குறிப்பின்கீழ்க் கோடிட்டு, "இவ பேரே தெரியலம்மா, ஆனா இவ கேட்டது இத்தனை காலம் கழிச்சும் நமக்குக் கேட்குது" என்றாள். அதன் பிறகுதான் அந்தப் பாடலை என்னால் வாய்விட்டுப் படிக்க முடிந்தது. மறுமுறை அந்தத் தாளை எழுதித் தேறினேன்.

மகன் வேறு விதம். தையல் சாக்கட்டியால் மிஷின் பலகையில், "இரவு 8 முதல் 9.30 வரை அம்மா படிக்கும் நேரம்" என்று எழுதிவைத்தான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடுப்பு அவனுடையது. தோசைக்கல் முன்னால் நின்றபடியே நன்னூல் நூற்பாவின் முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பான். நான் மீதியைச் சொல்ல வேண்டும். "உயிர்முன் கசதப மிகும்" என்பதை என்னைவிட முன்னதாக அவன் மனப்பாடம் செய்துவிட்டான். தோசை கருகிய நாள்களும் உண்டு. அவற்றையும் மூவருமாக உண்டோம்.

ஞாயிறுதோறும் ஒரு காசும் வாங்காமல் யாப்பு சொல்லித்தந்து, அசை பிரித்து அலகிடும்வரை விடாத என் மகளின் பழைய தமிழாசிரியைக்கும், உரைநூல்களைத் தவணை கடந்தும் பொறுத்துக்கொண்ட நூலகருக்கும், தீபாவளி நெருங்கிய நேரத்திலும் "பரீட்சை முடியட்டும் அக்கா" என்று ரவிக்கைத் துணிகளை என்னிடமே விட்டுவைத்த எங்கள் தெருப் பெண்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. தைத்துத் தர வேண்டியவற்றை எல்லாம் தந்துவிட்டேன் என்று நம்புகிறேன்; விடுபட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

என் மகளிடம் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 2023இல் பட்டம் முடித்த அவள் அதே ஆண்டில் பி.எட். சேர்ந்திருக்க வேண்டியவள். வீட்டு வருமானத்தை எண்ணி ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனாள். என் தேர்வுக் கட்டணத்தை ஒவ்வொரு பருவமும் அவளே கட்டினாள். ஓராண்டு தள்ளிப்போடுவதாகச் சொன்னது இரண்டாண்டு ஆயிற்று, அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. இந்த ஆண்டு பி.எட். சேர்ந்திருக்கிறாள். மிஷின் பலகையில் மகன் எழுதிய வரியை நான் துடைக்கவில்லை. அம்மா என்ற சொல்லை மட்டும் அழித்து, அங்கே அக்கா என்று எழுதியிருக்கிறேன். எட்டு மணிக்குமேல் அடுப்பு இனி என்னுடையது.

நன்றியுடன்,
கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய்