பள்ளிக் கணினிகளின் மின்வழங்கிகள்: செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்ப்பவன் என்ற முறையிலும், மகளைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் தகப்பன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். கணினிக்கூடத்துக்கு வாங்கவிருக்கும் பழைய கணினிகளை விற்பவரே சோதித்துவிட்டார் என்றும், சுவிட்சைத் தட்டியதும் எல்லாம் ஓடுகின்றன என்றும் சென்ற கூட்டத்தில் அறிவித்தீர்கள். அதைச் சோதனை என்று ஏற்க என்னால் இயலவில்லை.

மழை பெய்த ஒரு நாள், கூடத்து வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு ஈரக் காலுறையோடு உள்ளே போன என் மகள், கணினிப் பெட்டியைத் தொட்டதும் சுள்ளென்று இருந்ததாகச் சொன்னாள். ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அந்தக் கணினிக்கு மின்சாரம் தந்த நீட்டிப்புக் கம்பியின் பிளக்கைத் திறந்து பார்த்தேன். மின்கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியான பச்சை-மஞ்சள் இழை திருகாணியில் மாட்டப்படாமல், ஒட்ட வெட்டிவிடப்பட்டிருந்தது.

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கிக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைவ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும்; எர்த் இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது என்பதால் சுள்ளென்று இருப்பதோடு போகிறது. ஆனால் உள்ளே கம்பிகளின் மின்காப்பு பழுதாகி லைவ் பெட்டியில் பட்டுவிட்டால், எர்த் இல்லாத நிலையில் பியூசும் எரியாது. தொடும் பிள்ளையின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டிக்கும் இடையிலான மின்தடை. அது 0.1 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே அதைவிடக் கூடுதல் தடை இருக்கும் என்பதால் இதற்கெனத் தனிக் கருவி வேண்டும். அடுத்து, லைவையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிராக, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் என்ற கருவியில் 500 வோல்ட் கொடுத்துக் காப்புத்தடையை அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வரும் எதையும் நான் கடையில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகுதான் மின்வழங்கியை வேலை வாங்கிப் பார்க்கும் சுமைச் சோதனை. அதன் 12 வோல்ட் வெளியீட்டுத் தடம் 11.40க்கும் 12.60 வோல்ட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது, கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் தர வரையறை. மின்வழங்கியிலிருந்து வரும் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்துச் சுமையின்றி வெறுமனே ஓடவிட்டால் மட்டமான மின்வழங்கியும் 12.1 காட்டும். நான் 55 வாட் கார் விளக்குகள் நான்கை மாட்டிப் பார்ப்பேன். ஏறத்தாழ 18 ஆம்பியர் இழுக்கும். 500 வாட் என்று ஒட்டியிருந்த ஒன்று அந்தச் சுமையில் 10.9க்கு இறங்கியதைக் கண்டிருக்கிறேன். 12 வோல்ட் தடத்தின் சிற்றலை, அதாவது மின்னழுத்தத்தின் வேகமான சிறு ஏற்ற இறக்கம், 120 மில்லிவோல்ட்டைத் தாண்டுகிறதா என்பதை அலைகாட்டியில்தான் காண முடியும், மீட்டரில் தெரியாது.

கேண்டீன் தினத்தில் வடையும் மீகோரெங்கும் விற்றுச் சேர்த்த பணம் இது. மலிவாக வாங்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கணினியின் வரிசை எண்ணோடு இந்த மூன்று சோதனைகளின் அளவுகளையும் விற்பவர் எழுதிக் கொடுத்த பிறகே பணம் கொடுங்கள். அவரிடம் கருவி இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து கூலியின்றிச் செய்து தருகிறேன். அந்த நீட்டிப்புக் கம்பியை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றே அகற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்