செயலாளரின் ஆண்டறிக்கை: சிக்லிட் இனப்பெருக்கமும் குஞ்சு வளர்ப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். சிக்லிட் குடும்பத்து அலங்கார மீனான ஏஞ்சலின் முட்டை பொரிக்கிறது, குஞ்சும் நீந்துகிறது. பிறகு பத்து நாளுக்குள் தொட்டி ஏன் காலியாகிறது?

பெரும்பாலும் அது நோயல்ல. ஜோடி முட்டையிட்ட பிறகே குஞ்சுத் தொட்டியைத் தேடி எடுத்துக் கழுவுகிறோம். அதில் போடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் புதியது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறக் குறைந்தது நான்கு வாரம் ஆகும். குஞ்சுக்கு அத்தனை நாள் அவகாசம் கிடையாது. ஆகவே ஜோடி சேர்ந்ததுமே ஒரு ஸ்பாஞ்சை வளர்ந்த மீன்கள் இருக்கும் தொட்டியில் போட்டு ஓடவிட்டு வைத்திருங்கள். அதைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஜோடிக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி போதும். ஆறு குட்டிகளைச் சேர்த்து வளர்த்து, அவையே ஜோடி சேரவிடுவது நல்லது. இரண்டு பெண் மீன்களும் ஜோடி போலவே பழகும், முட்டையும் இடும். அத்தனையும் கருவுறாமல் வெள்ளையாகிப் போகும். முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் நீளும் இனப்பெருக்கக் குழலைக் கவனியுங்கள்: ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும். முதல் சில ஈட்டை, அதாவது ஒரு முறை இட்ட முட்டைகளை, ஜோடியே தின்பது இயல்பு. அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டாம்.

முட்டையைத் தனியே பொரிக்கவைப்பவர்கள், அது ஒட்டியிருக்கும் சிலேட்டுப் பலகையோடு எடுத்து, தாய்த் தொட்டியின் தண்ணீரையே நிரப்பிய தொட்டியில் சாய்த்து வையுங்கள். 10 லிட்டருக்கு பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்தான 1 சதவீத மெத்திலீன் புளூ 2 முதல் 3 மில்லி. ஏர் ஸ்டோன் முட்டைக்கு அருகே இருக்கட்டும், குமிழி நேரே மோதக் கூடாது. மருந்துள்ள தண்ணீரில் பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்சைப் போடாதீர்கள், பாக்டீரியா பாதிக்கப்படும்; நீலத்தைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றிய பின் போடுங்கள். 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரிக்கும். அடுத்த நான்கைந்து நாள் குஞ்சு ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். அப்போது உணவு போடவே கூடாது. வயிற்றில் கருவுணவு இருக்கிறது; போட்டது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

நீந்தத் தொடங்கிய அன்றே, குஞ்சுக்கு உயிருணவான ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர்ப் பூச்சி தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 2 கிராம் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து பலமான காற்று, மேலே விளக்கு. 28 டிகிரியில் 24 மணி நேரத்துக்குள் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறப் பூச்சி அடியில், வெளிச்சப் பக்கம் சேரும். அதை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடல் அடைபடும். பொரித்துப் பல மணி நேரம் கிடந்த பூச்சி தன் சத்தைத் தானே கரைத்துவிடும். ஆகவே தினமும் ஒரு பாட்டில் வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் குஞ்சு தாங்காது. நாளுக்கு மூன்று, நான்கு வேளை; வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் போதும். மிச்சம் விட்டால் அதைத் தின்று ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் உயிரி பெருகி, குஞ்சையே கொட்டும்.

தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றம் கட்டாயம், புதுத் தண்ணீரின் சூடும் டிடிஎஸ்ஸும் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) பொருந்தியிருக்க வேண்டும். போர் தண்ணீர் 1000 டிடிஎஸ், ஆர்ஓ தண்ணீர் 50 என்றால், ஒரு பங்கு போரும் ஐந்து பங்கு ஆர்ஓவும் கலந்தால் சுமார் 200 வரும், ஏஞ்சலுக்கு நல்லது. ஆர்ஓவை மட்டும் ஊற்றினால் பிஎச் (அமில-கார அளவு) நிலைகொள்ளாமல் திடீரென இறங்கும்.

ஆர்ஓ செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சங்கத்தின் யோசனை: தண்ணீரோடு சண்டை போடாமல் மீனை மாற்றுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனான எலக்ட்ரிக் எல்லோ கடினத் தண்ணீரில் நன்றாக வாழும். ஓர் ஆணுக்கு மூன்று பெண். பெண் ஏறக்குறைய மூன்று வாரம் முட்டையை வாயில் வைத்திருக்கும், அதுவரை பெரும்பாலும் உண்ணாது. முதல் வாரத்தில் வலைபோட்டு மிரட்டினால் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். வெளிவரும் குஞ்சு பெரியது. பொடித்த ஃப்ளேக்கையே தின்னும். முதன்முறை முயல்பவர்களுக்கு ஏஞ்சலைவிட இதையே பரிந்துரைக்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செல்லக்காசு எனப்படும் ஆரஞ்சு குரோமைடை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு கருதுகிறது. வெளியிலிருந்து வராமல் இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்கள் மூன்றே. அதில் இது ஒன்று. கேரளத்தின் மாநில மீனான கரிமீன் இன்னொன்று. செல்லக்காசுக் குஞ்சு பெற்றோரின் உடல்மேல் ஊறும் சளியையும் கொத்தித் தின்னும், ஆகவே ஏஞ்சலுக்குச் செய்வதுபோல் பிரித்தெடுக்கக் கூடாது. லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கடலுப்புச் சேர்த்த தண்ணீர் அதற்கு ஏற்றது.

தீர்மானம் ஒன்று முன்வைக்கிறோம். மிஞ்சும் குஞ்சுகளை ஏரியிலோ குளத்திலோ கால்வாயிலோ எந்த உறுப்பினரும் விடக் கூடாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். நாம் ஜிலேபி என்று அழைக்கும் அந்த மீன் இன்று எந்தெந்த நீர்நிலையில் எல்லாம் பெருகிக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வைத்திருக்க இடமில்லாதவர்கள் சங்கத்துக்குச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் தேடித் தருகிறோம். இடம் கிடைக்கும்வரை அடுத்த ஈட்டை எடுக்க வேண்டாம்.

ஆர்ட்டீமியா டின்னைத் திறந்துவிட்டால் ஈரம் ஏறிப் பொரிப்பு குறையும். ஒருவர் வீட்டில் ஒரு டின் தீர மாதங்களாகும். எனவே சங்கமே டின் வாங்கி, காற்றுப் புகாத சிறு புட்டிகளில் பிரித்து, அடக்க விலைக்குத் தர அனுமதி கோருகிறேன். புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுக்கும்போது ஈரக் கரண்டி வேண்டாம்.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்