சோதனை விமானியாக விரும்பும் பிள்ளைகளின் கவனத்திற்கு

புலனக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். எஸ்பிஎம் தேர்வு முடித்ததும் சோதனை விமானிப் பள்ளிக்கு (புதிய விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி) விண்ணப்பிக்கலாமா என்று பிரிக்பீல்ட்ஸ் சந்திப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன்.

சோதனை விமானிப் பள்ளிக்கு எஸ்பிஎம் முடித்ததும் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. முதலில் ஆகாயப்படை அதிகாரியாகி (சுங்கை பீசியிலுள்ள தேசிய தற்காப்புப் பல்கலைக்கழகம் அதற்கான வழிகளுள் ஒன்று), சில ஆண்டுகள் விமானியாகப் பணியாற்றிய பின்னரே, தம் படையின் பரிந்துரையோடு அவ்வாய்ப்பை நாட வேண்டும். 1943இல் பிரிட்டனில் தொடங்கிய எம்பயர் சோதனை விமானிப் பள்ளியும், கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலுள்ள அமெரிக்க ஆகாயப்படையின் சோதனை விமானிப் பள்ளியும் பிற நாட்டு அதிகாரிகளுக்கும் பயிற்சி அளித்து வருகின்றன.

துணிச்சல் மட்டும் இருந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். தொடையில் கட்டிய அட்டையில் உயரம், வேகம், எரிபொருள் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே பறந்து, தரையிறங்கியதும் பொறியாளர்களுக்குத் தெளிவாக விளங்கும்படி அறிக்கை எழுதுவதே சோதனை விமானிகளின் அன்றாட வேலை. ஆகவே கணிதத்தோடு மொழித்திறனும் இன்றியமையாதது.

பதவி உயர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேப்டன், மேஜர் நிலைகளில் சோதனைப் பணிக்குச் செல்பவருக்குப் படைப்பிரிவுத் தலைமைப் பொறுப்பு தள்ளிப்போகக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேசுவது நல்லது.