ஏ-9 தொடர்மாடிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

'ஏ-9 தொடர்மாடி' இணையச் சித்திரக்கதையின் கடைசி அத்தியாயம் போன கிழமை வெளிவந்துவிட்டது. மேலே பெயர் கிடப்பது படம் கீறிய எங்கள் மூன்று பேருக்கும்தான். உள்ளே எத்தனை பேருடைய கையும் வாயும் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று, கற்பனைக் கட்டடம். நாங்கள் மூவரும் தனித்தனியாகக் கீறிவந்த கதைகளின் ஆட்கள் எல்லாரும் அங்கே வாடகைக்கு வந்து சேருகிறார்கள். என்னுடைய ஓய்வுபெற்ற ஓவசியர் (வேலை மேற்பார்வையாளர்) ஐயா, மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை இரணைமடுக் குளம் மாதிரி அடிக்கணக்கில் காலையும் மாலையும் அறிவிப்பவர். சொந்த வலை வைத்து ஆட்களைக்கொண்டு மீன்பிடிக்கிற முல்லைத்தீவுச் சம்மாட்டியும் என்னுடைய ஆள்தான். தன் லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) விட்டுப் பிரியமாட்டேன் என்று அதை மூன்றாம் மாடிக்கே ஏற்றிவிட்ட பொடியனும், அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் மலையகத்து அம்மாயியும் (பாட்டி) எங்கள் மூவரில் ஒருவரான வவுனியாத் தம்பியுடையவர்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டுகிற ஒரே ஆளான கழுதையார் மூன்றாமவரான மன்னார்த் தங்கச்சியின் பிள்ளை.

வளவும் கிணறும் வேலியுமாக வாழ்ந்த சனத்தை ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கினால் என்ன நடக்கும் என்பதுதான் முழுக் கதையும். ஆட்டை எங்கே கட்டுவது, நெல்லை எந்தப் படிக்கட்டில் காயவைப்பது, நாலாம் மாடியில் இருந்து கிணற்று வாளியை இறக்கினால் கீழ்வீட்டு யன்னலுக்கு என்ன ஆகும், இப்படி.

முதல் நன்றி அந்த இரண்டு பேருக்கும். தான் வளர்த்த பாத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது சின்ன விடயம் இல்லை. நான் கழுதையாருக்கு ஒரு வசனம் எழுதினால் அது தங்கச்சி பார்த்த பிறகுதான் பேச்சுப் பலூனுக்குள் போகும் என்று பேசிக்கொண்டோம். மன்னார்த் தீவின் கழுதைகளை அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். அங்கே பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க (பாவோபாப்) மரத்துக்கும் அதே கதைதான். ஆனபடியால் கழுதையார் தன்னைப் பழைய வணிகக் குடும்பம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரிடமும் கெஞ்சமாட்டார், அவசரப்படமாட்டார். நான் எழுதிய கழுதையார் அவசரப்பட்டபோதெல்லாம் தங்கச்சி அமைதியாக அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதித் தந்தார். அந்த வசனங்களுக்குத்தான் சனம் அதிகம் சிரித்தது.

அடுத்தது, கரண்ட் போய் லிஃப்ட் நடுவழியில் நின்ற அத்தியாயம். நாங்கள் வேலையைத் தொடங்கியது 2022-ல். அந்தப் பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தது நினைவிருக்கும். கடதாசி கிடைக்காமல் பரீட்சைகளைப் பிற்போட்ட காலமும் அதுதான். புத்தகமாகப் போடுகிற எண்ணத்தை அதோடு விட்டு இணையத்துக்கு வந்தோம். மின்வெட்டும் கதைக்குள்ளேயே வந்துவிட்டது. லிஃப்டுக்குள் கழுதையாரும் ஓவசியர் ஐயாவும் மாட்டிக்கொள்ள, சம்மாட்டி தன் கரைவலைக் கயிற்றை (கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையின் கயிறு) மேலிருந்து கட்டி, முழுக் கட்டடத்தையும் கூப்பிட்டு, வலை இழுக்கிறவர்களின் பாட்டான அம்பா பாடி இழுக்கவைக்கிறார்.

அந்தப் பக்கத்தின் முதல் கீறலை முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிற ஒரு அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் போனிலேயே எனக்கு ஒரு வகுப்பு எடுத்தார். கயிற்றைக் கையால் மட்டும் யாரும் இழுப்பதில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றி, பாட்டின் தாளத்துக்கு ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போகவேண்டும். கடைசியில் ஒருவர் வந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். ஒருவர் பாட மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். அந்த வாங்குகிற இடத்தில்தான் பலம் விழும். "நீங்கள் கீறின ஆக்கள் எல்லாரும் தேர் இழுக்கினம் தம்பி" என்றார். பிறகு தன் மகனைக் கொண்டு கரையில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். அந்த நேரம் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்தான் (கயிறு சுற்றி இழுக்கிற பொறி) வலையை இழுத்தது. கையால் இழுக்கிற ஒரு வாடியை (மீனவர் கரையில் தங்குகிற இடம்) தேடிப்போய் எடுத்திருக்கிறார் மனுசன். அந்த அத்தியாயத்தில் இருக்கிற ஒவ்வொரு காலும் அவருடைய கரையில் இருந்து வந்தது. அண்ணை, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்ல!

எழுத்து விடயத்தில் எங்களைக் காப்பாற்றியவர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்த ஒரு அக்கா. நாங்கள் படம் கீறுகிற செயலி ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைச் சிதைத்துவிடும். 'கொ' என்று அடித்தால் ககரம் முன்னால் நிற்கும், கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும், கால் இன்னும் அப்பால் போய்விடும். ஒருங்குறியில் கொம்பு எழுத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது, அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது செயலியின் வேலை, எங்கள் செயலிக்கு அது தெரியவில்லை. அக்கா பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தார். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே கொம்பு, ககரம், கால் என்று அடிப்பதால் எந்தச் செயலியிலும் குலையாது. அதோடு விட்டாரா? தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் பலூனுக்குள் எங்கே வரியை முறிப்பது என்பது பெரிய தலையிடி. "போய்க்கொண்டிருக்கிறாரெண்டு" என்பதை ஒரு சின்ன வட்டத்துக்குள் அடக்கிப் பாருங்கள், தெரியும். சிரிப்பு வருகிற சொல் தனி வரியில் நிற்கவேண்டும் என்று பிடிவாதமாக ஒவ்வொரு பலூனையும் முறித்து முறித்துத் தந்தார். இரவில், வீட்டு வேலை முடித்த பிறகு, காசு எதுவும் வாங்காமல்.

திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கிற திரைவாசிப்பான், படத்துக்குள் இருக்கிற எழுத்தைச் சாதாரணமாக வாசிக்காது. இதை எங்களுக்கு உணர்த்தியவர் பார்வை இல்லாத ஒரு வாசகர். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் வசனத்தையும் காட்சி விவரிப்பையும் ஒருங்குறியில் போடத் தொடங்கியது அவர் கேட்டதால்தான். அதை அவர் காதால் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் விவரிப்பு பகிடியை முந்திச் சொல்லிவிடுகிறது என்று குறித்து அனுப்புவார். எங்களுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான ஆசிரியர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாயியின் பேச்சுக்கு வருகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. அப்படி வந்த ஒரு பாட்டி வவுனியாத் தம்பியின் அயலில் இருக்கிறார். தம்பி ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டுவார். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பார். "எங்க வூட்டுல இப்புடிப் பேசமாட்டோங்க" என்றால் அந்த வசனம் மாறும். அம்மாயியை வைத்துச் சிரிக்கிற இடம் ஒன்றுகூடக் கதையில் இருக்கக்கூடாது, அம்மாயி மற்றவர்களைச் சிரிக்க வைக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதைக் கடைசிவரை காப்பாற்றினோம். பாட்டி, உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

தொடர்மாடி வாழ்க்கையே எங்கள் மூவருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில் பிளாற்றில் வளர்ந்த ஒரு தோழிதான் பராமரிப்புக் காசு, மோட்டர் போடுகிற நேரம், கொடியில் உடுப்புக் காயவைக்கிற சண்டை, கருவாடு பொரித்தால் கூடுகிற அவசரக் கூட்டம் என்று எல்லாம் சொல்லித் தந்தார். டாட்டா போட்டுத் தந்தவர்கள், கரண்ட் உள்ள வீட்டுத் திண்ணையில் இடம் தந்தவர்கள், பிழை திருத்தியவர்கள், வெளிநாட்டில் இருந்து பழைய டப்லெற் ஒன்றை அனுப்பிவிட்ட மச்சான், எல்லாருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். வன்னியில் இருந்து படம் என்றால் 2009-ஐப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று வெளியில் பலர் எதிர்பார்க்கிறார்கள். அது கீறப்படவேண்டும், கீறுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பகிடிக் கதை கீற எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி எனக்குள் கனநாள் இருந்தது. முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த ஒரு அம்மா எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். பேத்தியின் போனில் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு வேலியடிக்கு வந்து, "அந்தக் கழுதை மேல்மாடிக்கு எப்பிடியடா ஏறினது? மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார். பிந்தினால் ஏசினார். அம்மா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

இனி ஒரு அறிவித்தல். பாத்திரங்கள் அவரவர் கதைக்குத் திரும்பிப் போகிறார்கள். கழுதையார் இனி மன்னாரில் தங்கச்சியின் தொடரில் மட்டும் வருவார். லாண்ட்மாஸ்டர் பொடியனும் அம்மாயியும் வவுனியாவில் இருப்பார்கள். அவர்களை வேறு எங்காவது பயன்படுத்த விரும்புகிறவர்கள் கீறியவரிடமே கேளுங்கள். உதவிய எல்லாருக்கும் மாங்குளத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறோம். மன்னாரில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் வருகிறவர்களுக்கு அதுதான் நடு. தை பிறந்து நெல் அரிவு வெட்டு முடிந்ததும் நாள் சொல்கிறோம். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் முறிகண்டியில் கச்சான் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஓவசியர் ஐயாவையும் சம்மாட்டியையும் கீறியவன்
கிளிநொச்சி