முகாமில் எடுத்த இரத்தத்துக்கு யார் பொறுப்பு?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இலவச மருத்துவ முகாமைச் சேர்ந்து நடத்திய அரச சுகாதார அதிகாரிகளுக்கும் தனியார் ஆய்வுகூட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். முகாம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். படம் பிடித்தவர்களும் நீங்கள்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறோம்.

எங்கள் குடியிருப்பில், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்கு விரலில் குத்திப் பார்த்து, சீனி கூட என்றீர்கள். மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொல்லி இரத்தமும் எடுத்தீர்கள். முடிவு போனுக்குக் குறுந்தகவலாக வந்தது: 148. வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்று பார்க்க வேண்டுமாம். பயந்துபோய் அரச கிளினிக்குக்கு ஓடினார். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, இது செல்லாது என்றார்கள். அங்கே பரிசோதிக்கவும் வசதியில்லை என்று, வெளியில் எடுத்துவரத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியில் என்றால் எங்கே? அதே ஆய்வுகூடத்தின் கிளைக்கு. அதே பரிசோதனைக்கு இம்முறை காசு. மறுபடியும் எட்டு மணிநேரப் பட்டினி, அன்றைய சம்பளமும் இல்லை.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். முகாமில் எடுத்த முடிவைக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். கிளினிக் அதை ஏற்கட்டும்.

தனியாரோடு சேர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் அரச ஆஸ்பத்திரியில் இருக்கும் டொக்டரையே மாலையில் தனியார் இடத்தில் காசு கட்டி செனல் பண்ணிப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் வெளியில்தான் தேடி அலைந்தோம். ஆனால் கிளினிக்கில் கேட்டால் "அது கம்பெனிக்காரர் செய்தது", கம்பெனியில் கேட்டால் "அது கவர்மென்ட் வேலை". பதாகையில் மட்டும் இரண்டு இலச்சினையும் பக்கத்தில் பக்கத்தில் சிரிக்கின்றன! அந்தப் பதாகையில் தமிழ் இருந்தது, எழுத்துப் பிழையோடு. கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவத்தில் அதுவும் இல்லை. தமிழ் அரச கரும மொழியானது 1987இல். சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நோய் கண்டபின் ஆளைப் பொறுப்பேற்பது யார் என்று உங்கள் உடன்படிக்கையில் இருக்கிறதா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட எங்களுக்கும் தெரியும். போட வைக்காமல் நீங்களே சொன்னால் நல்லது.

அடுத்த முகாம் முகத்துவாரத்தில் என்று கேள்விப்பட்டோம். அதற்கு முன்னராவது, முடிவு கிளினிக் கொப்பியில் ஏறுவதற்கு ஒழுங்கு செய்து தரும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். அக்காவிடம் வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்தால் நன்றி.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைவாசிகள் சிலர்